போடாத ஊசி

மேற்குத் தாம்பரம்,
9.7.2007, திங்கட்கிழமை.

அன்புள்ள மகள் அனுப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்த அளவில் நலம். நீயும் மாப்பிள்ளையும் தர்ஷனும் அங்கே நலமா என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் நீ நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே அப்படிக் கேட்பது முறையில்லை. சனிக்கிழமை உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் கடவுள் ஒன்றாகக் கொண்டுவந்து இங்கே சேர்க்கட்டும், இப்போதைக்கு அவரிடம் நான் கேட்பது அவ்வளவுதான். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உங்கள் போர்ட் பிளேர் துறைமுகத்தில் வேலை பார்க்கும் தேவானந்தம் சார், பொத்தேரி காலேஜில் மகளைச் சேர்க்க வந்தவர், புதன்கிழமை விமானத்தில் திரும்புகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும், வீட்டில் வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். உன் வீட்டுப் போன் ஹாலில் உன் மாமியார் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது மட்டும் காரணம் இல்லை, போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்கு தடவை நம்பரைப் போட்டு, நீ ஹலோ என்றதும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நீ கூட, என்னம்மா இதைக் கேட்கவா எஸ்.டி.டி. போட்டாய் என்று கேட்டாய். அதனால் இதைத் தனியாக உட்கார்ந்து படி. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்.

வீட்டு விஷயம் பெரிதாக ஒன்றும் இல்லை. போன வருஷம் வந்த சிக்குன்குனியாவின் வலி அப்பாவின் முழங்காலை விட்டு இன்னும் இறங்கவில்லை, மணல் செங்கல் கடையைக் காலையில் திறந்து மதியமே சாத்திவிட்டு வந்துவிடுகிறார். தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒரு தரம் வருகிறது. விமான டிக்கெட்டை அப்பா போனில் சொல்லியிருப்பார், சனிக்கிழமை காலை, நீயும் மாப்பிள்ளையும். தர்ஷனுக்குப் பள்ளிக்கூடம் இருப்பதால் அவனை அங்கேயே விட்டுவிட்டு வருவதாக மாப்பிள்ளை சொன்னாராம், அதுவும் சரிதான். ஆனால் கண்ணு, அவனிடம் தம்பிப் பாப்பாவையோ தங்கச்சிப் பாப்பாவையோ தூக்கிக்கொண்டு வரப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பாதே. அம்மாவுக்கு வயிற்று வலி, மருந்து வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல். ஐந்து வயதுப் பிள்ளை சொன்னதை மறக்காது, திரும்பிப் போகும்போது கையைத்தான் முதலில் பார்க்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தடவை பிரசவத்துக்கு முன்னாலேயே குழந்தை டாக்டரிடம் பேசி ஏற்பாடு செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே உன் இரண்டாவது பாப்பா பிறந்தபோது அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் இரண்டாம் நாள்தான் வந்தார், அதற்குள் கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது என்று நீ சொன்னது என் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை. அதனால் போன மாதம் பன்னிரண்டாம் தேதி சேலையூரில் டாக்டர் சாராளைப் போய்ப் பார்த்தேன். தர்ஷன் கைக்குழந்தையாக இருக்கையில் சளி பிடித்தால் தூக்கிக்கொண்டு ஓடுவோமே, அவர்தான். குழந்தை இல்லாமல் பிளாஸ்டிக் கவரோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, பேரப்பிள்ளை எங்கேம்மா என்று கேட்டார். இன்னும் பிறக்கலை டாக்டர் என்றேன். சிரித்துவிட்டு, பரவாயில்லையே, இப்படி முன்னாடியே வந்து கேக்கிறவங்க இந்த ஊர்ல நீங்கதாம்மா முதல் ஆள் என்றார். நீ ஜெராக்ஸ் எடுத்து அனுப்பிய ரத்த ரிப்போர்ட்டுகளையும், தர்ஷன் பிறந்தபோது நம் தாம்பரத்து நர்சிங் ஹோமில் கொடுத்த டிஸ்சார்ஜ் பேப்பரையும் ஒன்றொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்க முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. முதல் பிரசவத்துக்கு அப்புறம் ஊசி போட்டதாத்தான் இதுல எழுதியிருக்கு, போட்டும் நூத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகறது உண்டு, உங்க பொண்ணோட நேரம், வேற என்ன சொல்றது என்றார்.

அது என்ன ஊசி டாக்டர் என்று கேட்டேன். ஐந்து வருஷமாக அதைக் கேட்கத் தோன்றாதவள் அன்றைக்குக் கேட்டேன். அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். உன் ரத்தம் நெகட்டிவ், மாப்பிள்ளை ரத்தம் பாசிட்டிவ், பிள்ளைக்கு அவர் ரத்தம் வந்திருக்கிறது. பிரசவத்தில் பிள்ளையின் ரத்தம் துளி தாயின் ரத்தத்தில் கலக்கும். தாயின் உடம்பு அதை அந்நியம் என்று நினைத்து அதற்கு எதிராக ஒரு விஷத்தைத் தயார் செய்து வைத்துக்கொள்ளும். முதல் பிள்ளை அதற்குள் வெளியே வந்துவிடுவதால் தப்பித்துக்கொள்ளும். அடுத்து வருகிற பிள்ளையின் ரத்தத்தை அது அழிக்கும், அதற்கு அடுத்த பிள்ளைக்கு இன்னும் சீக்கிரம், இன்னும் கடுமையாக. பிரசவமான மூன்று நாளைக்குள் அந்த ஒரு ஊசியைப் போட்டுவிட்டால் தாயின் உடம்பு அதைத் தயார் செய்யவே செய்யாது, அடுத்த பிள்ளைக்கு ஆபத்து இல்லை என்றார். அவர் மேஜையில் பிள்ளைகளுக்காக வைத்திருந்த துணி ஒட்டகச்சிவிங்கி ஒன்று இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றில் ஒருவர் என்று அவர் சொன்ன வார்த்தை எனக்கு அந்த நேரத்தில் பெரிய உதவியாகப் போய்விட்டது. சரி டாக்டர் என்று அதை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி, தாம்பரத்தில் இறங்காமல் பெருங்களத்தூர் வரைக்கும் போய்விட்டேன்.

அனு, அந்த ஊசியை உனக்குப் போடவில்லை. போட்டாச்சு என்று நான் சொன்னது பொய்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. தர்ஷன் பிறந்தது புதன்கிழமை காலை. மதியம் நர்ஸ் ஒரு சீட்டைக் கொண்டுவந்து, பொண்ணுக்கு நெகட்டிவ்மா, பையன் பாசிட்டிவ், இந்த ஊசிய வெள்ளிக்கெழமைக்குள்ள போட்டாகணும், எங்களாண்ட இல்ல, வெளியில வாங்கினு வாங்க என்று என்னிடம் கொடுத்தாள். சாயந்திரம் மார்க்கெட் பக்கம் இரண்டு மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். இரண்டாவது கடைக்காரர், இங்க கெடைக்காதும்மா, எழும்பூர் போனா கெடைக்கும், ஐஸ்ல வச்சு எடுத்தாரணும் என்றார். அப்பா அன்றைக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனிக்குச் செங்கல் இறக்கப் போயிருந்தார், பொழுது சாய்ந்துதான் வந்தார், பேரனைப் பார்த்த சந்தோஷத்தில் இருந்தவரிடம் நான் சொல்லவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். காலையில் உன் மாமியார் கப்பலில் வந்து இறங்கிவிட்டார். அவருக்குக் குளிக்க வெந்நீர், அவருக்குத் தனியாகக் காரம் இல்லாத சாப்பாடு, உனக்குப் பத்தியச் சாப்பாடு, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நான் ஓடிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ரத்தினபாயிடம் சீட்டைக் காட்டி இது என்ன ஊசி என்று கேட்டேன். அவள், அது சத்து ஊசிக்கா, மூணு பெத்துக்கினேன் நானு, ஒண்ணுத்துக்கும் போட்டுக்கல, இன்னா ஆயிடுச்சு இப்ப என்றாள். அவள் மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, எனக்குப் பத்தாவது வரைக்கும் படிப்பு இருக்கிறது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், எனக்குச் சாதகமான பதில் எங்கே கிடைக்குமோ அங்கே போய்க் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் பிள்ளையை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும் என்று உன் மாமியார் ஒன்பது மணிக்கே வந்து நின்றார். நீ குளியலறையில் இருந்தாய். புதிதாகச் சேர்ந்த சின்ன வயது டாக்டரம்மா ஒரு பெண் பேனாவோடு வந்து, அந்த ஊசி போட்டாச்சாம்மா என்று கேட்டாள். உன் மாமியார் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். முந்தின நாள்தான் அவர், பெரிய ஊர், வசதியான ஆஸ்பத்திரி இருக்கும்னுதான் உங்க வீட்டுக்குப் பிரசவத்துக்கு அனுப்பினோம் என்று சொல்லியிருந்தார். இன்னும் போடலை, மறந்துட்டேன் என்று அவர் எதிரில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. போட்டாச்சும்மா என்றேன். எப்போ என்றாள். நேத்து சாயந்திரம், வேற நர்ஸ் வந்து போட்டாங்க என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான். அந்தப் பேப்பரைத்தான் நீ பத்திரமாக வைத்துக்கொண்டு எந்த டாக்டர் கேட்டாலும் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறாய். அந்த மூன்று நாளில் உனக்கு எத்தனையோ ஊசி போட்டார்கள், எது எதற்கு என்று உனக்கு எப்படித் தெரியும். அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று இருந்துவிட்டாய்.

இதை எழுதும்போது, அப்போது எனக்கு விவரம் தெரியாதே என்று ஒரு பக்கம் மனசு சொல்கிறது. விவரம் தெரியாதது உண்மை. பொய் என்று தெரிந்துதான் சொன்னேன் என்பதும் உண்மை. அதற்கு அப்புறம் ஒரு நாள் கூட அந்தச் சீட்டு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் நம்புவாயா, எனக்கே நம்ப முடியவில்லை. பாப்பா போனபோது கூட வரவில்லை. அப்பா கால் முறிந்து கட்டிலில் இருந்ததால் பிரசவத்துக்கு உன்னை இங்கே கூப்பிட முடியவில்லை. ஐந்தாம் நாள் நான் விமானத்தில் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. நீ மார்பில் துணியைக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். பிள்ளையை வெயிலில் காட்டவில்லை, அதனால்தான் மஞ்சள் ஏறிவிட்டது என்று உன் மாமியார் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதைக் கேட்டுக்கொண்டு அங்கேதான் நின்றேன். என் பெண் மேல் தப்பு இருக்குமோ என்று நானும் ஒரு நிமிஷம் நினைத்தேன் அனு. ஏழாம் மாதத்தில் ஸ்கூட்டரில் போனாயே என்று நானே உன்னிடம் கேட்டேன்.

டாக்டர் சாராளைப் பார்த்துவிட்டு வந்தும் இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. நூற்றில் ஒருவர், நூற்றில் ஒருவர் என்று சொல்லிக்கொண்டே சமைத்தேன், துவைத்தேன். அப்போதுதான் உன் கடிதம் வந்தது. என் ரத்தமே என் பிள்ளைகளைத் தின்கிற ரத்தம் அம்மா, ஊசி போட்டும் அடங்காத ரத்தம், இந்தப் பிள்ளையும் போய்விட்டால் அவர் வேறு யாரையாவது கட்டிக்கொள்ளட்டும், தர்ஷனை மட்டும் எனக்கு விட்டுவிடட்டும் என்று எழுதியிருந்தாய். உன் மாமியாரும் போனில் அதையேதான் வேறு மாதிரி சொன்னார். அவர் சொல்வதைத் தாங்கிக்கொள்ளலாம். நீயே உன்னை அப்படிச் சொல்லிக்கொள்கிறாய் என்றபோது எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியவில்லை. உன் ரத்தத்தில் ஒரு குற்றமும் இல்லை. உன் அப்பாவுக்கும் நெகட்டிவ்தான், அவர் வழியாக உனக்கு வந்தது, உலகத்தில் எத்தனையோ பெண்களுக்கு இருக்கிறது, ஊசியைப் போட்டுக்கொண்டு நான்கு பிள்ளை பெறுகிறார்கள். உனக்குப் போட வேண்டியதைப் போடாமல் விட்டது நான். உன் மாமியார் அல்ல, ஸ்கூட்டர் அல்ல, வெயில் அல்ல, உன் நேரமும் அல்ல.

முதலில் அப்பாவிடம் சொன்னேன். மதியம் சாப்பிட உட்கார்ந்தவர் எதிரில் நின்றுகொண்டே சொன்னேன். பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எழும்பூர் போய் வாங்கினு வந்திருப்பனே என்றார். திட்டினால் கூடப் பரவாயில்லை என்று இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு, மதியத்தில் ஒரு நாளும் போகாதவர் கடைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள், அனுவுக்கு எழுது, நீயே எழுது, என்னை எழுதச் சொல்லாதே என்றார். அதற்கு அப்புறம் டாக்டர் சாராளிடம் திரும்பப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். இதனால இப்ப வைத்தியம் எதுவும் மாறப் போறதில்லம்மா, ஆனா உங்க பொண்ணு தன்னையே குத்தம் சொல்லிக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னீங்களே, அதை நீங்கதான் நிறுத்த முடியும், என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம் என்றார். அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், எழுதியதை எல்லாம் கிழித்தேன். அதற்குள் உன் போன வார ஸ்கேன் வந்துவிட்டது.

அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை அப்பா ஃபேக்ஸில் வாங்கி, நகரத்துக்குள் இருக்கிற ஸ்கேன் டாக்டரிடம் நாங்கள் இரண்டு பேரும் கொண்டுபோய்க் காட்டினோம். அங்கே உன்னிடம் லேசாக நீர் கோத்திருக்கிறது என்று மட்டும்தான் சொன்னார்களாம். இங்கே அவர் மறைக்கவில்லை, நானும் மறைக்கப் போவதில்லை, இனி உன்னிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று இருக்கிறேன். பிள்ளைக்கு ரத்தம் மிகவும் குறைந்துவிட்டது, அதனால்தான் அதன் வயிற்றில் நீர் சேர்கிறது, இருபத்து நான்கு வாரத்தில் இப்படி என்றால் கஷ்டம்தான் என்றார். வயிற்றுக்குள் இருக்கும்போதே ஊசி வழியாகத் தொப்புள்கொடியில் பிள்ளைக்கு ரத்தம் ஏற்றலாம், சனிக்கிழமை வந்ததும் திங்கட்கிழமை அதைச் செய்து பார்க்கலாம், இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், செய்யும்போதே பிள்ளை போய்விடுவதும் உண்டு என்றார். தாங்குமா டாக்டர் என்று அப்பா கேட்டார். பெரியவரே, நான் ஆமான்னு சொன்னா அது பொய்யாயிடும் என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பத்து நான்கு வாரம் வரைக்கும் இழுத்துப் பிடித்துவிட்டால் வெளியே எடுத்துவிடலாம் என்றார். இன்னும் பத்து வாரம் இருக்கிறது. அத்தனை வாரம் எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இருந்தாலும் செய்ய வேண்டியதைச் செய்து வைத்திருக்கிறேன். பிள்ளை பிறக்கிற நேரத்தில் குழந்தை டாக்டர் பிரசவ அறைக்குள்ளேயே நிற்க வேண்டும், டாக்டர் சாராள் தான் வருவதாகவே சொல்லிவிட்டார். பிறந்த உடனே தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துச் சோதிக்க வேண்டும், மஞ்சளுக்கு வைக்கிற நீல விளக்குப் பெட்டி காலியாக இருக்க வேண்டும், முதல் நாளே பிள்ளையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் மாற்ற வேண்டி வரும், அந்த வசதி இருக்கிற ஆஸ்பத்திரியில் அவரே பேசிவிட்டார். அதற்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும், அதுவும் எடுத்து நாலைந்து நாளுக்குள் இருக்கிற புது ரத்தம், உன் ரத்தத்தோடு முன்கூட்டியே பொருத்திப் பார்த்தது. பாட்டிலில் இருப்பதை நம்ப முடியாது, நாலு பேரை ஆளாகவே பிடித்து வையுங்கள் என்றார்கள். நான் போய்ச் சோதித்துக்கொண்டேன், நான் பாசிட்டிவ். அப்பாவுக்கு நெகட்டிவ் என்றாலும் பி குரூப், வயதும் அறுபத்து மூன்று. நான் செய்ததற்கு என் ரத்தத்தையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லக் கூட எனக்கு வழி இல்லாமல் போய்விட்டது. ஒரு வாரமாகத் தேடி இதுவரைக்கும் இரண்டு பேர்தான் கிடைத்திருக்கிறார்கள். ஒருவர் மார்க்கெட்டில் மெத்தைக் கடை வைத்திருக்கும் முஸ்தபா. அப்பா போய்க் கேட்டதும், இதுக்குப் போய் இவ்ளோ தூரம் நடந்து வந்துகினு கீறியேண்ணா, போன் அடிச்சா நான் ஆஸ்பத்திரில நிக்கப் போறேன் என்றாராம். அவர் மனைவி ஜஹீரா அன்றிலிருந்து அவருக்குக் கீரையும் பேரீச்சம்பழமுமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பொண்ணு எப்பக்கா வருது என்று கேட்கிறாள். அவர்களுக்கு நான் செய்தது தெரியாது. தெரிந்தால் எப்படிப் பார்ப்பார்களோ என்று நினைத்து அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். இன்னொருத்தி இரம் என்று பொத்தேரி காலேஜில் படிக்கிற பெண், தேவானந்தம் சார் ஹாஸ்டலில் விசாரித்துப் பிடித்துக் கொடுத்தார். மற்ற இரண்டு பேருக்கு அப்பா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அலைகிறார்.

பிள்ளை தப்பிப் பிறந்தால் அதற்கு அப்புறமும் மூன்று மாதம் வாரா வாரம் ரத்தம் பார்க்க வேண்டும், இரும்புச் சத்து மருந்தை அவர்கள் சொல்லாமல் கொடுக்கக் கூடாது, காது கேட்கிறதா என்று ஒரு சோதனை செய்ய வேண்டும், மஞ்சளுக்கு வெயிலில் காட்டுவது விளக்குக்கு ஈடாகாது என்று டாக்டர் சாராள் சொன்னதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை தெரியாத வார்த்தை ஒவ்வொன்றையும் அங்கேயே நின்று கேட்டு எழுதினேன். நோட்டில் பாதிக்கு மேல் பிள்ளை பிறந்த பிறகு செய்ய வேண்டியதுதான். அந்தப் பக்கங்கள் தேவைப்படுமா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை கண்ணு. பிள்ளைக்குத் துணி எதுவும் எடுக்கவில்லை. நம்பிக்கையாக இரு என்று எழுதத்தான் ஆசை, ஆனால் எனக்கே இல்லாததை உனக்கு எழுதினால் அதுவும் இன்னொரு பொய்யாகிவிடும். கோயிலுக்குப் போய்க் கேட்கக் கூடக் கூச்சமாக இருக்கிறது. போனால் என்ன சொல்லிக் கேட்பது.

மன்னித்துவிடு என்று எழுத இரண்டு தடவை ஆரம்பித்தேன். உனக்கு அதற்கும் ஒரு வேலை வைப்பது போல இருந்தது, விட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்டு, உன் மாமியாரிடமும் காட்டு. காட்டினால் என் பெயர் கெட்டுவிடும் என்று யோசிக்காதே. உன் மேல் ஒருத்தரும் ஒரு சொல் சொல்லக் கூடாது, அதற்காகத்தான் நாள், கிழமை, நான் சொன்ன வார்த்தை வரைக்கும் எழுதியிருக்கிறேன், கடைசியில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளை உன்னை விட்டுவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. போனில் அப்பாவிடம் பேசும்போது அவர் அழுதாராம், அனு சாப்பிடுவதே இல்லை மாமா என்று சொன்னாராம். சாப்பிடு. எனக்காக இல்லை, வயிற்றில் இருப்பது பசியோடு இருக்கக் கூடாது, எத்தனை நாள் இருந்தாலும்.

நீயும் உன் வயிற்றில் இருப்பதும் எந்த வலியும் இல்லாமல் கடலைத் தாண்டி வந்து சேர வேண்டும், தர்ஷனுக்கு நீ நூறு வயது அம்மாவாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன், என் வாழ்த்துக்கு இன்னும் பலன் இருந்தால். ரத்த ரிப்போர்ட், ஸ்கேன் படம் எல்லாம் ஒரிஜினலாகவே எடுத்துக்கொள், விமானத்தில் ஏற்றலாம் என்று அங்கே டாக்டர் கொடுக்கிற கடிதத்தைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வை. இன்னொன்று. பள்ளிக்கரணையில் உன் ஜெயக்கொடி அத்தை வீட்டில் மாடி அறையைச் சுத்தம் செய்து கட்டில் போட்டாகிவிட்டது. அங்கிருந்து ஆஸ்பத்திரி பக்கம், குப்பை எரிகிற புகை வந்தால் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டும். அத்தைக்கு எல்லாம் தெரியும், நானே சொல்லிவிட்டேன். ரத்தம், டாக்டர், சீட்டு, மருந்து எல்லாவற்றுக்கும் நான் வெளியே இருந்து அலைந்துகொள்வேன், நீ என் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் வராது. சனிக்கிழமை நீங்கள் இறங்கி வரும்போது மீனம்பாக்கத்தில் அப்பா மட்டும்தான் நிற்பார். கார் பள்ளிக்கரணைக்குப் போவதா, தாம்பரத்துக்கு வருவதா என்று அவரிடம் சொல். எது என்றாலும் அப்பா ஏன் என்று கேட்க மாட்டார், நானும் கேட்க மாட்டேன். எங்கே போனாலும் சரி, வராமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
த. தையல்நாயகி